பருவகால ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பு: கேள்வி பதில்

உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம்மிடையே உள்ள கண் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: பூக்கும் பருவம் தொடங்கியதும் எனக்கு இரு கண்களும் தாங்க முடியாமல் அரிக்கின்றன. கசக்கினால் சற்று இதமாக இருந்தாலும், சிறிது நேரத்தில் முன்னைவிட அதிகமாகிவிடுகிறது. ஏன், டாக்டர்?

பதில்: மகரந்தத் துகள்கள் கண்ணில் படிந்ததும், விழியின் வெண்பகுதியைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது நரம்பு நுனிகளைத் தூண்டுவதால் அரிப்பும், இரத்தக் குழாய்களை விரிப்பதால் சிவப்பும் உண்டாகின்றன. கசக்கும் அழுத்தத்தாலேயே மேலும் பல செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுவதால், நீங்கள் சொல்வது போல அரிப்பு மீண்டும் பெருகுகிறது. ஆண்டுக்கணக்கில் அழுத்திக் கசக்குவோருக்குக் கருவிழி மெலிந்து கூம்பு போலத் துருத்தும் கெரட்டோகோனஸ் என்னும் நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே இதைச் சிறிய பழக்கமாக நினைத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அரிப்பு எழுந்ததும் கைகளைக் கழுவிவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வைத்திருங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, படிந்த மகரந்தத்தைக் கழுவி வெளியேற்றும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் வேதிப்பொருள் கலக்காத வகையையே வாங்குங்கள்.

கேள்வி: அதற்கும் அடங்காவிட்டால் எந்த மருந்து உதவும்? மாத்திரை போதாதா?

பதில்: கண்ணில் மட்டும் தொல்லை என்றால் மாத்திரையைவிடச் சொட்டு மருந்தே விரைவாகப் பலன் தரும், சில மாத்திரைகள் கண்ணை உலர்த்தி எரிச்சலைக் கூட்டுவதும் உண்டு. கீட்டோடிஃபென், ஓலோபட்டடின் போன்ற சொட்டுகள் வெளியான ஹிஸ்டமினைத் தடுப்பதோடு, மாஸ்ட் செல்கள் மேலும் அதை வெளிவிடாமலும் காக்கின்றன. கீழிமையை மெல்ல இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இமைக்குள் ஒரு சொட்டுக்கு மேல் தங்காது என்பதால் இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும்.

கேள்வி: சிவப்பைப் போக்கும் சொட்டைத் தினமும் விடுகிறேன். நிறுத்தினால் கண் இன்னும் சிவக்கிறதே?

பதில்: இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து அது. தொடர்ந்து சில நாட்கள் விட்டால், நிறுத்தியதும் குழாய்கள் முன்னிலும் விரிந்துவிடும். இனி அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் அணிந்தபடியே சொட்டு விடலாமா?

பதில்: கூடாது. லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு, குறைந்தது 10 முதல் 15 நிமிடங்கள் கழித்தே மீண்டும் அணிய வேண்டும். கண் சிவந்திருக்கும் நாட்களில் கண்ணாடியே நல்லது. அது மகரந்தத்தையும் ஓரளவு தடுக்கும்.

கேள்வி: என் எட்டு வயது மகன் ஓயாமல் கண்ணைக் கசக்குகிறான், வெளிச்சத்தைப் பார்க்கவே கூசுகிறான். சென்ற ஆண்டு மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு வீட்டில் இருக்கிறது. அதையே விடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. திறந்து பல மாதங்கள் ஆன புட்டியில் கிருமிகள் வளர்ந்திருக்கலாம் என்பது ஒருபுறம் இருக்க, ஸ்டீராய்டு சொட்டுகள் அரிப்பை விரைவில் அடக்கிவிடுவதால் நோய் தீர்ந்தது போலத் தோன்றும்; ஆனால் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பைச் சிதைக்கக்கூடும், கண்புரையும் உண்டாகக்கூடும். கண் அழுத்தம் உயர்வதைக் குழந்தையால் உணர முடியாது. மேலும், இந்த வயதுச் சிறுவர்களுக்கு, கயிறு போன்ற பீளையும் கடும் கூச்சமும் கொண்ட வேனல் கண் அழற்சி என்னும் தீவிர வகை வருவதுண்டு. அது கருவிழியைப் புண்ணாக்கும் ஆற்றல் உடையது. உங்கள் மகனைத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அரிப்பு ஒவ்வாமையால்தான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: இரு கண்களும் அரித்து, நீர் தெளிவாக வடிந்து, தும்மலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒவ்வாமையே. ஒரு கண்ணில் மட்டும் வலி, மஞ்சள் நிறக் கெட்டிப் பீளை, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் சொட்டு மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.