கேளுங்க, சொல்றேன்: தக்சினுக்கு எத்தனை பேரு?

போன இதழ்ல தாய்லாந்து முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா பத்தி, அவரு வெளிநாட்டுல இருந்தப்ப "டோனி"ன்னு பேரு வச்சுக்கிட்டதை பத்தி, போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதமும் மெயிலும் ஒரு கட்டு சேர்ந்துருச்சு. அதனால இந்த வாரம் முழுக்க மனுஷன் அவருதான்.

அண்ணே, தப்பி ஓடுனவரு பேரை மாத்திக்கிட்டு மறைஞ்சு வாழ்ந்தாருன்னு ஒரு வீடியோல பாத்தேன், உண்மையா? (வாசகர், திருச்சி)

மறைஞ்செல்லாம் வாழலங்க, துபாய்ல ஜம்முனு பகிரங்கமாத்தான் இருந்தாரு. கதைய சுருக்கமா சொல்லிடறேன். 2001-ல பிரதமர் ஆனாரு, 2006 செப்டம்பர்ல ஐ.நா. கூட்டத்துக்கு நியூயார்க் போயிருந்த நேரம் பாத்து ராணுவம் ஆட்சிய புடிச்சிருச்சு. 2008 பிப்ரவரில திரும்பி வந்து ஏர்போர்ட் வாசல்லயே மண்டி போட்டு நெத்திய தரையில வச்சு கும்பிட்டாரு, கேமராவெல்லாம் சுத்தி நிக்குது. ஆகஸ்ட்ல பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் துவக்க விழாவுக்குன்னு கிளம்பிப் போனவரு அங்கேருந்து நேரா லண்டன் போயி, இனிமே வரமாட்டேன், எனக்கு நியாயம் கிடைக்காதுன்னு அறிக்கை விட்டுட்டாரு. அக்டோபர்ல நில கேஸுல 2 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு, நவம்பர்ல பிரிட்டன்காரன் விசாவ கேன்சல் பண்ணிட்டான், 2009 ஏப்ரல்ல தாய்லாந்து அரசு பாஸ்போர்ட்டையும் ரத்து பண்ணிருச்சு. அதுக்குள்ள நிகரகுவா, மாண்டிநீக்ரோன்னு ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் கையில வந்துருச்சு, அது வேற கதை.

அந்த 2009 வாக்குலதான் "டாக்கி ஷினேக்ரா"ன்னு ஒரு பேரு செய்திகள்ல அடிபட்டுச்சு. ஷினவத்ராவுக்கு மாண்டிநீக்ரோ வாலை ஒட்டி வச்சா எப்படி இருக்குமோ அப்படி இருக்கு. பேரு நிக்கல. செஞ்சட்டை போட்டுக்கிட்டு தெருவுல இறங்குற அவரோட ஆதரவாளருங்க பதவி போயி எத்தனை வருஷம் ஆனாலும் "பிரதமர் தக்சின்"னுதான் கூப்பிட்டாங்க. அந்த கூட்டத்துக்கு போயி தலைவரு இனிமே டாக்கின்னு சொன்னா யாரு கேப்பாங்க?

நின்ன பேரு 2021-ல வந்த "டோனி வூட்சம்".

அந்த டோனி விஷயத்தை கொஞ்சம் விவரமா எழுதுங்க சார். ஜனங்க சிரிச்சாங்களா, திட்டுனாங்களா? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

ரெண்டும் நடந்துச்சும்மா. முதல்ல காலத்தை பாக்கணும். 2020-ல பாங்காக் ரோட்டுல காலேஜ் பசங்க, ஸ்கூல் பசங்க போராட்டம், ராணுவத்துல இருந்து வந்த பிரதமர் பிரயுத் பதவி விலகணும், அரசியல் சட்டத்தை மாத்தணும், அரச குடும்பத்தை பத்தி வெளிப்படையா பேச விடணும்னு. 2021 ஆரம்பத்துல ரூம் ரூமா கூடி குரல்ல பேசிக்கிற கிளப்ஹவுஸ் ஆப் அங்க தீயா பரவுது, அப்ப அது ஐபோன்ல மட்டும்தான், அதுவும் யாராவது இன்வைட் பண்ணாத்தான் உள்ள போக முடியும். பிப்ரவரில ஒரு ராத்திரி தக்சினோட பழைய கட்சியான தாய் ராக் தாய் பத்தி அதோட பழைய ஆளுங்க பேசிக்கிட்டிருந்த ரூமுல டோனி வூட்சம்னு ஒருத்தரு மைக் எடுக்குறாரு. குரலை கேட்டதும் தெரிஞ்சு போச்சு. செஞ்சட்டை மேடைகளுக்கு வெளிநாட்டுல இருந்து போன் போட்டும் வீடியோ லிங்க்லயும் வருஷக்கணக்கா பேசுன குரலு அது, தாய்லாந்துல தெரியாதவன் கிடையாது.

ரூம் நெறைஞ்சு வழிஞ்சுது, உள்ள போக முடியாதவங்களுக்காக வேற ரூம் திறந்து அதுல ஒலிபரப்புனாங்க. அதுல கேட்டுக்கிட்டிருந்த பாதிப் பேரு அவரு ஆட்சில இருந்தப்ப தொடக்கப் பள்ளியில இருந்திருப்பாங்க, அவரோட கட்சிய கோர்ட்டு 2007-லயே கலைச்சிருச்சு. அந்த பசங்களுக்கு "தக்சின்"னா அப்பா அம்மா சாப்பாட்டு மேசையில சண்டை போட்டுக்குற ஒரு பேரு. "டோனி" அப்படி இல்ல. "டோனி அண்ணன்"னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, பாதி கிண்டல் பாதி பாசம். 30 பாத் குடுத்தா ஆஸ்பத்திரியில வைத்தியம்ங்குற திட்டம் எப்படி வந்துச்சு, கிராமத்துக்கு 10 லட்சம் பாத் நிதி எப்படி குடுத்தோம்னு மனுஷன் கதை மாதிரி சொல்றாரு, எதிர்ல பிரயுத் அரசு கொரோனா தடுப்பூசி வாங்க திணறிக்கிட்டிருக்கு. அவரை ஆதரிக்குற கேர்ங்குற குழு இதை அப்படியே புடிச்சுக்கிட்டு ரெகுலர் நிகழ்ச்சியாவே ஆக்கிருச்சு, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆனா டோனி வருவாருன்னு ஆயிருச்சு.

என் கணிப்பு என்னன்னா, டோனி பேரு யாரையும் ஏமாத்த வைக்கல, ஏமாறவும் யாரும் இல்ல. தண்டனை பெற்ற குற்றவாளின்னு ஒரு பாதி நாடு சொல்ற ஆளுகிட்ட இன்னொரு பாதி நாடு கூச்சமில்லாம பேச ஒரு வசதி, அவ்வளவுதான்.

மஞ்சச் சட்டைக்காரங்க என்ன சொன்னாங்க? (வாசகர், நாகர்கோவில்)

தக்சினுக்கு எதிரா மஞ்சச் சட்டை போட்டு போராடுனவங்கதான் அவங்க, அவங்ககிட்ட ஏற்கனவே அவருக்கு ஸ்டாக் நெறைய பேரு இருந்துச்சு, புதுசு தேவைப்படல. "சதுர மூஞ்சி", "மேவ்", அப்புறம் தாய்லாந்துல ஆண் கைதிக்கு பேருக்கு முன்னாடி போடுற எழுத்து ரெண்டு இருக்கு, எதிர்க்கட்சி பத்திரிகைங்க அதையும் சேர்த்து அச்சடிப்பாங்க. மேவ்ங்குறது மலைவாழ் மோங் மக்களை கேவலமா சொல்ற வார்த்தை, சியாங் மாய்ல இருந்து வந்தவருன்னு ஒட்டுனது. அரசியல் வசவுக்கு நடுவுல சம்பந்தமே இல்லாத ஒரு சமூகத்தையும் சேர்த்து திட்டிக்கிட்டிருந்தாங்க, அதை பத்தி யாரும் பெருசா கவலைப்பட்டதா தெரியல.

புதுப் பேருல வந்ததால பழைய பாவம் எல்லாம் போயிருச்சா சார்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, இந்த கடிதத்துல நீங்க கேட்ட கேள்வியத்தான் அந்த ரூமுலயும் கேட்டாங்க. 2004 அக்டோபர் 25, தெற்குல நராதிவாட் மாகாணம் தாக் பாய், நோன்பு மாசம். போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி போராடுன மலாய் முஸ்லிம்கள்ல ஏழு பேரை சுட்டுக் கொன்னாங்க. ஆயிரத்துக்கு மேல புடிச்சு கைய பின்னாடி கட்டி, குப்புற படுக்க வச்சு, ஒருத்தர் மேல ஒருத்தரா ராணுவ லாரியில அடுக்கி பட்டானி முகாமுக்கு கொண்டு போனாங்க. மணிக்கணக்கா ஓடுன லாரி. இறக்கி பாத்தா 78 பேரு மூச்சு முட்டியும் நசுங்கியும் செத்துக் கிடக்குறாங்க. மொத்தம் 85 உயிர். அன்னிக்கு பிரதமர் தக்சின், நோன்பு இருந்ததால உடம்பு பலவீனமா இருந்திருக்குன்னு விளக்கம் குடுத்தாரு.

பதினாறு வருஷம் கழிச்சு டோனிகிட்ட இதை கேட்டா, சரியா ஞாபகம் இல்ல, வருத்தப்படுறேன், அது ராணுவத்தோட கட்டுப்பாட்டுல இருந்துச்சுன்னு பதில். அவ்வளவு நேரம் அண்ணன் அண்ணன்னு உருகிக்கிட்டிருந்த பசங்கள்ல பல பேரு அதோட கழண்டுக்கிட்டாங்க, ஹேஷ்டேக் போட்டு கிழிச்சாங்க. 2003 போதை ஒழிப்பு போருல மூணே மாசத்துல 2,500 பேருக்கு மேல கொல்லப்பட்டதையும் சேர்த்து கேட்டாங்க. மஞ்சச் சட்டை திட்டுனது அவருக்கு பழகுனது, உறைக்காது. இது வேற, இவரு யாரை தன் பக்கம் இழுக்க பேரு மாத்துனாரோ அவங்களே கேட்ட கேள்வி. அரச குடும்ப அவதூறு சட்டம் 112 பத்தி கேட்டாலும் சுத்தி வளைச்சுத்தான் பேசுவாரு, அதுலயும் பசங்களுக்கு திருப்தி இல்ல.

அப்புறம் 2025 பிப்ரவரில நராதிவாட்டுக்கு நேர்ல போயி மன்னிப்பு கேட்டாரு, மறுக்கல. ஆனா அதுக்கு நாலு மாசம் முன்னாடியே, 2024 அக்டோபர் 25 அன்னிக்கு, 20 வருஷ கெடு முடிஞ்சு அந்த கேஸு காலாவதி ஆயிருச்சு. ஒரு அதிகாரி கூட கோர்ட்டு கூண்டுல ஏறல. அப்ப பிரதமர் யாருங்குறீங்க, அவரோட பொண்ணு பேதோங்தார்ன்.

தாய்லாந்துல பேரு மாத்துறது சாதாரணமாமே? (குடும்பத் தலைவி, மதுரை)

ரொம்ப சாதாரணம்ங்க. தாலுகா ஆபீஸ் மாதிரி அங்க அம்ஃபோ ஆபீஸ், அங்க போயி எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. ராஜா ராணி பேரு மாதிரி இருக்கக்கூடாது, ஆபாசமா இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன். கல்யாணம் தள்ளிப் போகுது, வியாபாரம் படுத்துருச்சு, உடம்பு சரியில்லன்னா ஜோசியரோ பிக்குவோ பொறந்த கிழமைக்கு ஆகாத எழுத்து எதுன்னு பாத்து புதுப் பேரு குடுப்பாங்க. சன்பிம்னு ஒரு பளுதூக்கும் பொண்ணு ஜோசியம் பாத்து பேரை பிரபாவதின்னு மாத்திக்கிட்டு போயி 2008 பெய்ஜிங்ல 53 கிலோ பிரிவுல தங்கமே வாங்குச்சு. அதே ஒலிம்பிக்ஸ், அதே வாரம்தான் நம்மாளு லண்டனுக்கு எஸ்கேப்.

குடும்பப் பேரு கதை இன்னும் சுவாரஸ்யம். அங்க எல்லாருக்கும் குடும்பப் பேரு இருக்கணும்னு ஆறாம் ராமா காலத்துல 1913-லதான் சட்டமே வந்துச்சு. தக்சின் குடும்பம் சீனாவுல குவாங்டாங்ல இருந்து வந்த ஹக்கா வம்சம், சேகூங்குறதுதான் பழைய குடும்பப் பேரு. சீனர்களுக்கு எதிரா காத்தடிச்ச 1938-ல ஷினவத்ரான்னு மாத்திக்கிட்டாங்க. அதனால பேரு மாத்துனதுக்காக அங்க யாரும் அவரை கேவலமா பாக்கல. கடுப்பானவங்க, இவரு ஃபாரின் பேருல உக்காந்துக்கிட்டு உள்ளூரு அரசியலை ஓட்டுறாரேன்னுதான் கடுப்பானாங்க.

மான்செஸ்டர் சிட்டி ஓனரா இருந்தவரு இவருதானா? (கால்பந்து ரசிகர், வியாசர்பாடி, சென்னை)

இவரேதான் தம்பி. 2007-ல 8 கோடி பவுண்டுக்கு மேல குடுத்து வாங்குனாரு, அடுத்த வருஷமே அபுதாபிகாரங்களுக்கு வித்துட்டாரு. ஷினவத்ரா வாயில நுழையல, சினாட்ரா மாதிரி இருக்குன்னு ரசிகருங்க "ஃபிராங்க்"னு வச்சுட்டாங்க. மனித உரிமை அமைப்பு பிரீமியர் லீக்குக்கு கடிதமே எழுதுச்சு, இவரு ஆட்சில இத்தனை கொலைன்னு. கேலரில அதெல்லாம் எடுபடல, பிளேயர் வாங்க காசு வருதுல்ல. இதுவும் அவரா வச்சுக்காத பேருதான், ஆனா டோனிக்கு கிடைச்ச கேள்வி எதுவும் ஃபிராங்க்குக்கு கிடைக்கல.

அவரு பேரை மத்தவங்க வச்சுக்கிட்ட கூத்து ஏதோ நடந்துச்சாமே? (வாசகர், புதுச்சேரி)

ஆமாங்க, இது டாப். 2019 மார்ச் தேர்தல், கட்சிக்கு வெளியில இருக்குற தக்சின் கட்சிய நடத்துறாருன்னு நிரூபிச்சா கட்சியவே கலைக்கலாம்னு சட்டம், அவரு படத்தை போஸ்டர்ல போடவே எல்லாருக்கும் பயம். ஃபியூ சாட்ன்னு ஒரு சின்ன கட்சி என்ன பண்ணுச்சு தெரியுமா? வேட்பாளருங்க பத்து பேருக்கு மேல அம்ஃபோ ஆபீஸ் போயி ஆம்பளைங்க "தக்சின்", பொம்பளைங்க அவரு தங்கச்சி பேரான "யிங்லக்"ன்னு சட்டப்படியே பேரை மாத்திக்கிட்டு வந்துட்டாங்க. சொந்தப் பேரை போஸ்டர்ல போட்டுக்க யாரு தடுக்க முடியும்? கட்சிக்கு கடைசில கிடைச்சது 5 சீட்டு, அதுவும் எல்லாமே கட்சிப் பட்டியல்ல வந்தது, தொகுதில நின்னு ஒரு தக்சினும் ஜெயிக்கல. ஓட்டுப் போடுறவனுக்கு ஒரிஜினல் எதுன்னு தெரியும்யா.

இப்ப அவரை என்னன்னு கூப்பிடுறாங்க? (வாசகி, ஈரோடு)

2023 ஆகஸ்ட் 22 அன்னிக்கு ஊருக்கு திரும்பி வந்தப்ப டோனி துபாயோட முடிஞ்சுது. வேற கேஸுங்கள்ல வந்த 8 வருஷ தண்டனைய ராஜா 1 வருஷமா குறைச்சாரு, ஜெயிலுக்கு போன முதல் ராத்திரியே நெஞ்சு வலின்னு போலீஸ் ஆஸ்பத்திரி 14-வது மாடிக்கு போனவரு 2024 பிப்ரவரில பரோல்ல வெளிய வர்ற வரைக்கும் அங்கதான். அப்பத்தான் ஜனங்க அடுத்த பேரு வச்சாங்க, "தேவலோகக் கைதி". 14-வது மாடின்னு சொன்னாலே போதும், தாய்லாந்துல எவனும் விளக்கம் கேக்க மாட்டான். 2025 செப்டம்பர் 9-ல சுப்ரீம் கோர்ட்டு, ஆஸ்பத்திரில இருந்தது தண்டனைக் கணக்குல வராதுன்னு சொல்லி 1 வருஷத்தையும் ஜெயில்ல கழிக்க சொல்லிருச்சு, க்லோங் பிரேம் ஜெயிலுக்கு போனாரு.

தங்கச்சி யிங்லக் பேரு மாத்திக்கலையா? (வாசகர், சேலம்)

இல்ல. 2017-ல தீர்ப்புக்கு முன்னாடி நாட்டை விட்டு போனாங்க, அரிசிக் கொள்முதல் கேஸுல 5 வருஷம் தண்டனை, 2019-ல செர்பியா குடியுரிமை கூட வாங்கிட்டாங்க, பேரு அதேதான். 2025 மே மாசம் நிர்வாக உச்ச நீதிமன்றம் அதே அரிசி விவகாரத்துல 1,000 கோடி பாத்துக்கு மேல நஷ்ட ஈடு கட்டணும்னு உத்தரவு போட்டுச்சு. வெளிநாட்டுல இருந்து யாரு கட்டப் போறா?