வெள்ளவத்தை அறையா, நாவல அனெக்ஸா? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நாலு ஒரே விசயத்தைச் சுற்றித்தான் நின்றன: ஐடி வேலை கிடைத்துவிட்டது, சம்பளமும் கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் இருக்க இடமும் போய்வரும் வழியும் அதை விழுங்குகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அக்கா, நான் கொக்குவில். கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் படித்து முடித்து, போன மாதம் கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனியில் சேர்ந்தேன். சம்பளம் 180,000. ஒபிஸ் இராஜகிரியவில். கிழமையில் மூன்று நாள் போகவேண்டும், இரண்டு நாள் இருக்கிற இடத்திலிருந்து வேலை. இப்போது நண்பன் ஒருவனின் அறையில் நிற்கிறேன், கடைச் சாப்பாட்டுக்கே நாளுக்கு 1,500 போகிறது. அம்மா வெள்ளவத்தையில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறா. மாதம் 45,000, சமைக்க விடமாட்டார்கள், ஆறு மாத அட்வான்ஸ். அதற்குத் தன் நகையை அடகு வைக்கிறேன் என்கிறா. கூட வேலை செய்யும் இரண்டு பேர் நாவலவில் 75,000க்கு ஓர் அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி, எடுக்கக் கூப்பிடுகிறார்கள், அதற்கு மூன்று மாத அட்வான்ஸ். வத்தளையில் பெரியம்மா இருக்கிறா, சும்மா வந்து நில் என்கிறா, ஆனால் ஒரு வழிக்கே ஒன்றரை மணித்தியாலம். வீட்டுக்கு மாதம் 40,000 அனுப்பவேண்டும். என்ன செய்ய?

தம்பி, முதலில் உங்கள் சம்பளம் 180,000 இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், முழுச் சம்பளத்துக்கும் பிடித்தால் 14,400. வரி 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை இல்லை, அதற்கு மேலே உங்களுக்கு மிஞ்சுகிற 30,000க்கு 6 சதவீதம், அதாவது 1,800. கையில் வருவது 163,800. வீட்டுக்கு 40,000 போனால் 123,800. இனி எந்தக் கணக்கையும் இந்த 123,800ல் இருந்துதான் போடவேண்டும்.

வெள்ளவத்தை அறைக்கு 45,000. சமைக்க விடமாட்டார்கள் என்றால் உங்கள் 1,500 அப்படியே தொடரும், அது மாதம் இன்னொரு 45,000. ஆக, சாப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அறையின் வாடகை 90,000. மிச்சம் 33,800ல் பஸ், போன், உடுப்பு, மருந்து, ஊருக்கு வரும் செலவு எல்லாம். இதற்குள் வழியையும் பாருங்கள். கரையோர ரயில் இராஜகிரியப் பக்கம் போகாது. காலி வீதியில் 100ஐயோ 101ஐயோ பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போய், அங்கே 177 ஏறவேண்டும். மழை பெய்கிற காலையில், எட்டரைக்கு மீட்டிங் என்று தெரிந்தும் இரண்டாவது பஸ்ஸுக்கு நின்று பாருங்கள், கை தானாகப் போனை எடுத்து ஓட்டோவுக்கு அழுத்தும். அந்த ஓட்டோக் காசை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, மாதக் கடைசியில்தான் தெரியும்.

நாவல என்றால் நுகேகொடையிலிருந்து வருகிற 176 இராஜகிரிய வழியாகத்தான் போகிறது, ஒரே பஸ். வாடகையில் உங்கள் பங்கு 25,000. மூன்று பேருக்கு ஒரு குசினி இருந்தால் இரவுக்குப் புட்டோ சோறும் பருப்புமோ போட்டுக்கொண்டு, அடுத்த நாளுக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போகலாம். நான் அப்படி இரண்டு வருடம் இருந்திருக்கிறேன், சாப்பாட்டுச் செலவு பாதிக்குக் கீழே வந்தது. ஆனால் போய்ப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூன்று பேருமே ஐடி, மூன்று பேருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் உண்டு. ஒரே நாளில் மூன்று பேரும் மீட்டிங்கில் கதைத்தால் எங்கே இருப்பீர்கள்? மேசை போட இடம் இருக்கிறதா, பைபர் இணைப்பு வருமா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

இன்னொரு விசயம், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கரண்ட் மீட்டர் தனியா, வீட்டுக்காரரோடு சேர்ந்ததா என்று பாருங்கள். எங்கள் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, அலகு கூடக்கூட ஒவ்வொரு அலகின் விலையும் கூடும், 180 அலகுக்கு மேலே போனால் மிக உயர்ந்த விகிதம். கீழ் வீட்டில் ஏசியும் தண்ணி மோட்டரும் ஓடுகிற ஒரே மீட்டரில் நீங்களும் இருந்து, பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், ஒரு மின்விசிறியும் இரண்டு லப்டொப்பும் பாவிக்கிற நீங்கள் அந்த உயர்ந்த விலையில் கட்டுவீர்கள். சப் மீட்டர் இருந்தாலும் அலகுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெகிவளையில் நான் இருந்த முதல் வீட்டில் எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். வெளியேறும்போது சுவரில் ஆணி அடித்த அடையாளம் இருக்கிறது, பெயின்ற் அடிக்கவேண்டும் என்று சொல்லி இரண்டு மாத அட்வான்சை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டார். அந்த ஆணி நான் போகமுதலே இருந்தது. காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. நீங்கள் சாமான் இறக்கமுதல் ஒவ்வொரு சுவரையும், பாத்றூம் குழாயையும், கதவுப் பூட்டையும் போனில் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, அது மாதாமாதம் கழியுமா கடைசியில் திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும், வெளியேற எத்தனை மாத முன்னறிவித்தல் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

இனி அம்மா. அம்மா வெள்ளவத்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வெறும் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். யுத்த காலத்தில், 2007 ஜூன் 7ஆம் திகதி, பொலிசார் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் ஆட்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பொலிஸ் பதிவு இல்லாமல் ஓர் அறையும் எடுக்கமுடியாத காலம் அது. அந்தக் காலத்தில் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பின தலைமுறைக்கு, பக்கத்தில் தமிழ் கேட்கிற தெரு என்றால்தான் நித்திரை வரும். அந்தப் பயத்தை மதியுங்கள். ஆனால் அதற்கு மாதம் 90,000 கட்டவேண்டியதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நாவல அனெக்ஸைக் காட்டுங்கள், மற்ற இரண்டு பிள்ளைகளோடும் கதைக்கவிடுங்கள், வீட்டுக்காரரின் நம்பரை அவவின் போனிலும் போட்டுக்கொடுங்கள். கோயிலுக்கும் சாமானுக்கும் சனிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனால் சரி.

நகையை மட்டும் தொடவேண்டாம். ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 270,000, அதற்கு அடகு வைத்தால் வட்டியும் உங்கள் வாடகையில் சேர்ந்துவிடும், அதோடு நகை மூழ்கிவிடுமோ என்ற கவலை அம்மாவுக்கு. நாவல அட்வான்சில் உங்கள் பங்கு 75,000தான். இங்கேதான் பெரியம்மா வருகிறா. இரண்டே இரண்டு மாதம் வத்தளையில் நில்லுங்கள். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம், ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் போகும், கஷ்டம்தான், அதிலும் பேலியகொடை நெரிசல் ஆளைக் களைக்கவைக்கும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் 75,000ஐச் சம்பளத்திலிருந்தே சேர்த்துவிடலாம். மற்ற இருவரிடமும் இதைத் திறந்து கதைத்து, அனெக்ஸை இரண்டு மாதம் பொறுத்து எடுக்கமுடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் உங்கள் பங்கை இரண்டு தவணையாகக் கொடுங்கள். பெரியம்மா வீட்டில் சும்மா நிற்கவேண்டாம். அரிசி, பால்மா, காஸ் என்று மாதச் சாமானை நீங்களே வாங்கி வையுங்கள். அவ வேண்டாம் என்றுதான் சொல்லுவா.

சுன்னாகத்திலிருந்து ஓர் அம்மா எழுதுகிறேன். மகள் கொழும்பில் ஐடி வேலை, இரண்டு வருடமாகிறது. வாடகையாகக் கொட்டுகிற காசுக்கு ஒரு பிளாட் வாங்கினால் என்ன என்று இவர் சொல்கிறார். எங்களிடம் நாலு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது, அதை விற்று, மிச்சத்துக்கு மகளின் பெயரில் வங்கிக் கடன் எடுத்து வெள்ளவத்தையில் வாங்கலாம் என்று யோசனை. நாளைக்குக் கல்யாணத்துக்கும் உதவும்.

அக்கா, உங்கள் கடிதம் முழுக்க வாசித்தேன், அதில் மகள் என்ன சொல்கிறா என்று ஒரு வரிகூட இல்லை. கடன் அவவின் பெயரில், கட்டப்போவது அவவின் சம்பளத்தில், பதினைந்து இருபது வருடத்துக்கு. முதலில் அவவைக் கேளுங்கள். ஐடியில் இரண்டு வருடம் வேலை செய்த பிள்ளை அதே இடத்தில் இருப்பது குறைவு, நல்ல சம்பளம் வந்தால் மாறுவினம், சிலவேளை வெளிநாடு. இன்றைக்கு ஒபிஸ் கொள்ளுப்பிட்டியில், நாளைக்கு அது மாலபேயாக இருந்தால் வெள்ளவத்தை பிளாட்டிலிருந்து தினமும் ஊரைக் கடந்து போகவேண்டும். கல்யாணம் எந்த ஊரில் அமையும் என்பதும் இப்போது தெரியாது. வாடகை வீடென்றால் அறிவித்துவிட்டு மாறலாம், கடன் போட்ட வீட்டை அப்படி விடமுடியாது.

வாடகையைக் கொட்டுகிற காசு என்று நினைக்கவேண்டாம். பிளாட்டுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, லிப்ட் பழுதானால் அதற்கும் பங்கு உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால் ஒரு நல்ல நொத்தாரிசைப் பிடித்து மூன்று விசயம் பாருங்கள்: கட்டடத்தின் தொடர்மாடித் திட்டம் பதிவாகியிருக்கிறதா, அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டியது என்று சொல்லும் மாநகரசபையின் இசைவுச் சான்றிதழ் இருக்கிறதா, உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுதமுடியுமா. முடியப்போகிறது, எழுதித் தருவோம் என்கிற கட்டடத்துக்கு ஊர்க்காணியை விற்ற காசைக் கொடுக்கவேண்டாம். சேமலாப நிதியிலிருந்து 30 சதவீதம் எடுக்கலாம் என்று யாரும் சொன்னால், அதற்குப் பத்து வருடம் பணம் கட்டியிருக்கவேண்டும், மகளுக்கு இப்போது அந்த வழி இல்லை.

காணி இருக்கட்டும் அக்கா. என் எண்ணத்தைக் கேட்டால், மகளுக்கு ஐந்தாறு வருடம் கொடுங்கள்.

பருத்தித்துறையில் வீடு, யாழ்ப்பாண டவுனில் ஒரு சின்ன சொப்ட்வெயார் கொம்பனியில் வேலை. சம்பளம் 85,000. தினமும் மோட்டார்சைக்கிளில் போய்வருகிறேன். திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்துவிடலாமா?

ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், போய்வர அறுபத்தைந்து என்று வைத்தால் நல்ல பைக்குக்கே மாதம் முப்பது லீற்றருக்கு மேல் பெற்றோல். காசைவிட எனக்கு வழியில் வருகிற வல்லை வெளிதான் கவலை. கார்த்திகை மாதத்து இரவு ஏழரைக்கு, மழையும் காற்றும் குறுக்கே அடிக்க, வெளிச்சம் இல்லாத அந்த வெளியில் வேலையால் களைத்த ஆள் ஒருவர் தனியே ஓடுவது நல்லதில்லை. காலையில் 750 பஸ்ஸில் போகலாம், ஆனால் உங்கள் வேலை பிந்தி முடிகிற நாளில் திரும்ப பஸ் இராது.

திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் அறை தேடுவதால் அங்கே மலிவாகக் கிடைப்பது கஷ்டம். கோண்டாவில், கொக்குவில், ஆனைக்கோட்டைப் பக்கம் பாருங்கள், சைக்கிளிலேயே டவுனுக்குப் போகலாம். வருடம் முழுக்க எடுக்கத் தேவையில்லை. ஐப்பசியிலிருந்து தை வரை மட்டும் ஓர் அறை, மற்ற மாதங்களில் வீடு. முதலாளியிடம் கிழமைக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், அந்த இரண்டு நாளும் என்ன முடித்துத் தருவீர்கள் என்பதையும் சேர்த்து.

கொழும்பில் வேலை, கிழமைக்கு ஒரு நாள் வீட்டிலிருந்து செய்யலாம். ஒவ்வொரு வெள்ளி இரவும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து ஞாயிறு இரவு திரும்புகிறேன். செலவு தாங்கவில்லை, ஆனால் வராமல் இருக்கவும் முடியவில்லை. (வாசகி, நல்லூர்)

தங்கச்சி, ஒரு வழி 400 கிலோமீட்டர் அளவு. கிழமைக்கு இரண்டு இரவு பஸ் சீற்றில். மாதத்துக்கு எட்டு இரவு. திங்கள் விடிய வந்திறங்கி முகம் கழுவிக்கொண்டு ஒபிசுக்குப் போகிற உடம்பு எத்தனை மாதம் தாங்கும்?

உங்கள் ஒபிசில் வீட்டிலிருந்து வேலை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிழமைக்கு ஒரு நாளாகச் சிதறவிடாமல் மாதத்தில் ஒரு கிழமையாகச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கிழமை முழுக்க நல்லூரில் இருந்து வேலை செய்யலாம், அம்மாவின் கைச் சாப்பாடு ஏழு நாள், பஸ் இரண்டே இரவு. ரயிலில் இடம் பதிந்து வந்தால் காலையாவது நீட்டலாம். மற்ற வார இறுதிகளில் முதல் ஒன்றிரண்டு அழுகை வரும். அந்த நாட்களில் யாரோடாவது சமைத்துச் சாப்பிடுங்கள், தனியே இருக்கவேண்டாம். மாதம் முடிந்ததும் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.