டிரைவை எத்தனை நூல் ஏற்றலாம்? அதிவேகக் கேடமரான் படகுகள்: கேள்வி பதில்

துபாயில் 18 ஆண்டுகளாகப் படகுகளுக்கு இயந்திரம் பூட்டிக் கொடுக்கிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிரைவ், அதாவது புரொப்பெல்லரைத் தாங்கிச் சுழற்றும் கீழ்ப்பகுதி, எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை என்பதால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டேன். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற நம் ஆசாரிகளின் கணக்கையே இங்கும் பயன்படுத்துகிறேன். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது.

கேள்வி: அண்ணா, 32 அடி கேடமரானில் பின்பலகைக்கு வெளியே இரண்டு மெர்க்குரி 450ஆர் இயந்திரங்கள் பூட்டியிருக்கிறேன். நண்பரிடமும் அதே இயந்திரம்தான். அவருடைய உயரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இயந்திரம் ஒன்றுதான், அடிப்பாகம் ஒன்றா? ஸ்பான்சனின் (கேடமரானின் இரட்டை உடல்களில் ஒன்றின்) பின்முனை எப்படி முடிகிறது, இயந்திரம் பின்பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, புரொப்பெல்லர் எந்த வகை என்று ஒவ்வொன்றும் அளவை மாற்றும். படகைத் தாண்டிய தண்ணீர் பின்னால் மேலெழும். ஒரு அடி பின்தள்ளினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஏற்றலாம் என்று பட்டறைகளில் சொல்வது அதனால்தான். அதுவும் தொடங்குவதற்கான கணக்குத்தான்.

கேடமரானில் இன்னொரு சங்கதி உண்டு. வேகம் கூடக்கூட இரண்டு ஸ்பான்சன்களுக்கு நடுவே உள்ள டன்னலுக்குள் அடைபடும் காற்று படகைத் தூக்கும். ஸ்பான்சன்கள் தண்ணீரில் அமிழும் ஆழம் குறையும், கூடவே புரொப்பெல்லரும் மேலே வரும். 60 மைல் வேகத்தில் கச்சிதமாக இருந்த உயரம் 105 மைலில் அதிகமாகிவிடுவது இப்படித்தான். உங்கள் நண்பர் எந்த வேகத்தில் ஓட்டுகிறார் என்று கேட்டீர்களா?

கேள்வி: எங்கிருந்து எங்கே அளப்பது? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: ஸ்பான்சனின் அடிப்பரப்பிலிருந்து புரொப்பெல்லர் தண்டின் மையம் வரை. படகு டிரெய்லரில் இருக்கட்டும். வளையாத அலுமினியக் குழாய் ஒன்றை ஸ்பான்சனின் அடியில் ஒட்டப் பிடித்து, டிரைவுக்குக் கீழ் வரை நீட்டுங்கள். அடிப்பாகத்தில் படி வெட்டியிருந்தால், கடைசிப் படிக்குப் பின்னுள்ள பரப்பில் மட்டும் குழாய் பட வேண்டும். முன்படியையும் சேர்த்துப் பிடித்தால் மொத்தக் கணக்கும் பிழை. பிறகு தண்டு அந்தக் குழாய்க்கு இணையாக வரும்வரை டிரிம்மை, அதாவது டிரைவின் சாய்வை, சரிசெய்யுங்கள். அதுதான் பூஜ்ஜிய டிரிம். டிரிம் தூக்கியிருக்கும்போது அளந்துவிட்டு, பக்கத்துப் படகைவிடத் தன்னுடையது உயரம் என்று பெருமை பேசியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு நூல் கூடியிருந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கலாம். பழியை நீங்கள் புரொப்பெல்லர் மேல் போடுவீர்கள்.

கேள்வி: அளந்தாகிவிட்டது. சரியான உயரம் இதுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தாழ்வாகத் தொடங்கி, இரண்டு இரண்டு நூலாக ஏற்றுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். அதே புரொப்பெல்லர், அதே அளவு எரிபொருள், அதே ஆட்கள். எதிர்க்காற்றில் ஒரு ஓட்டம், பின்காற்றில் ஒரு ஓட்டம் ஓட்டி, ஜிபிஎஸ் வேகத்தின் சராசரியை எடுங்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை ஏற்றி இறக்க உதவும் ஜாக் பிளேட்டின் ஓரத்தில் காகித நாடா ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் (இயந்திரம் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளையும்) எழுதிவிடுவேன். மாலையில் அந்த நாடாதான் பேசும்.

பார்க்க வேண்டியது ஸ்லிப், அதாவது புரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்கும் அளவு. பிட்ச் என்பது வழுக்காமல் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம். ஆர்பிஎம்மைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தை 1056ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், வழுக்கலே இல்லாவிட்டால் எத்தனை மைல் ஓடும் என்று கிடைக்கும். உங்கள் 450ஆரின் விகிதம் 1.60. பிட்ச் 32 என்று வைத்துக்கொள்வோம். 6200 ஆர்பிஎம்மில் கணக்குப்படி 117.4 மைல், ஓடியது 106 என்றால் ஸ்லிப் 9.7 சதவீதம். இரண்டு நூல் ஏற்றியதும் 6300, 107 மைல், 10.3 சதவீதம். ஆதாயம்தான். இன்னும் இரண்டு நூல் ஏற்றினால் 6400, ஆனால் வேகம் 106, ஸ்லிப் 12.5. இயந்திரம் வேகமாகச் சுற்றுகிறது, படகு நகரவில்லை. அங்கே நிறுத்திவிட்டுத் திரும்பி இறங்க வேண்டும். 450ஆரின் உச்ச வரம்பும் 6400தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: நல்ல வேகம் வந்த உயரத்தில் வைத்தேன். அலை இருக்கும் நாளில் இயந்திரம் அலறுகிறது. ஏன்?

பதில்: கண்ணாடி போன்ற தண்ணீரில் எடுத்த அளவு அது. அலையில் புரொப்பெல்லர் முழுவதும் காற்றுக்கு வந்து, முழு வேகத்தில் சுற்றியபடி மறுபடி தண்ணீரில் அறைகிறது. அந்த அடியைத் தாங்குவது கியர்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் ஒன்றரை மைல் கூடுதல் வேகத்துக்காக நான் சொன்னதற்கு மேல் நான்கு நூல் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன், என் தவறும்தான். அந்தப் பருவம் முடிவதற்குள் கியர்கேஸை, அதாவது டிரைவின் கியர் பெட்டியை, திறந்தோம். பற்கள் சோளப் பொரிபோல் உதிர்ந்து எண்ணெயில் கிடந்தன. உச்ச வேகம் தந்த உயரத்திலிருந்து இரண்டு நூல் இறக்கியே இப்போது கொடுக்கிறேன். வளைவில் வழுக்கினாலும் இதே மருந்துதான். ஓடும்போதே ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் ஜாக் பிளேட் இருந்தால், வளைவுக்கு முன்பே இறக்குங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல.

கேள்வி: சாதாரண கியர்கேஸ் வைத்திருக்கிறேன். எவ்வளவு வரை ஏற்றலாம்?

பதில்: தண்ணீர் அழுத்த மானி இடம் கொடுக்கும்வரை. சாதாரண கியர்கேஸில் குளிர்விக்கும் தண்ணீர் நுழையும் துளைகள் பக்கவாட்டில் சற்று மேலே இருக்கும். மெர்க்குரியின் ஸ்போர்ட் மாஸ்டர் போன்ற அதிவேகக் கியர்கேஸ்களில் அவை மூக்கிலேயே தாழ்வாக இருப்பதால் அதிகம் ஏற்றலாம். ஆர்பிஎம் ஏறும்போது முள்ளும் ஏற வேண்டும். அது நடுங்கத் தொடங்கினாலோ இறங்கினாலோ உடனே வேகத்தைக் குறையுங்கள். வெப்பமானி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: 85, 90 மைலைத் தொட்டால் மொட்டை மூக்குக் கியர்கேஸின் பக்கங்களில் நீராவிக் குமிழ் படர்ந்து, புரொப்பெல்லர் பிடியைச் சட்டென்று விட்டுவிடும். படகு நொடியில் சாய்ந்து திரும்பும். உயரத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. கியர்கேஸை மாற்றுங்கள், அல்லது வேகத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது ஸ்டெர்ன்டிரைவ், இயந்திரம் படகுக்குள், டிரைவ் மட்டும் வெளியே. ஜாக் பிளேட் இல்லையே?

பதில்: பின்பலகையில் ஓட்டை வெட்டும் அன்றே உயரம் முடிவாகிவிடும். கிராங்க் தண்டின் மையத்துக்கும் படகின் அடிக்கும் உள்ள தூரத்தைத்தான் எக்ஸ் அளவு என்கிறார்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் கட்டையான கீழ்ப்பெட்டி வாங்கலாம். அல்லது இயந்திரத்தையே தூக்கி, பழைய ஓட்டையை அடைத்து, புதிதாக வெட்டலாம். இரண்டாவதற்கு ஆகும் செலவைக் கேட்டால் முதலாவது மலிவாகத் தெரியும்.

கேள்வி: 'கேடமரான்' நம் கட்டுமரம்தானே ஐயா?

பதில்: சொல் நம்முடையதுதான். ஆனால் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. நடுவில் காற்று புகும் டன்னல் அதற்குக் கிடையாது. இரட்டையுடல் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களின் கைவேலை. பெயர் எப்படியோ இடம் மாறிவிட்டது.

கேள்வி: ஜாக் பிளேட் நட்டை எவ்வளவு இறுக்குவது?

பதில்: தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ரெஞ்சால். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிளேட்டுக்கு மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் குனிந்து பாருங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. அன்று எடுத்த அளவுகள் எதுவும் செல்லாது.