ஈ.ஜி.எஃப்-ஐச் சந்தேகப்படும் முன்: செல்லுக்குப் பிடிமானம் இருந்ததா?

கேள்வி: உதகையில் மருந்தியல் முதுநிலை படிக்கிறேன். ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களைத் தட்டிலிருந்து ட்ரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி விட்டுக் கழற்றி, குழாயில் எடுத்து, உடனே ஈ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தைச் சேர்க்கிறேன். 10 நிமிடம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பார்த்தால் பாஸ்போ-எர்க் பட்டை, அதாவது செய்தி கிடைத்துப் பாஸ்பேட் ஏறிய எர்க் புரதத்தின் பட்டை, மங்கலாகத்தான் வருகிறது. கோவையில் என் தோழிக்கு அழுத்தமாக வருகிறது. என் ஈ.ஜி.எஃப் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: தோழி செல்களைக் கழற்றாமல் தட்டிலேயே வைத்துச் செய்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் ட்ரிப்சின். அது நன்றாக வேலை செய்வது 37 டிகிரியில். மார்கழிக் காலையில் உங்கள் மேசைமேல் கிடந்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் செல் லேசில் கழலாது. பொறுமையிழந்து கால் மணி நேரம் விட்டுவிடுவீர்கள். (மலையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்த தவறு இது.) ட்ரிப்சின் பிடிப்பை மட்டும் பார்த்து வெட்டாது, மேற்பரப்பில் நீட்டிக்கொண்டு செய்தி வாங்கும் ஏற்பிகளையும் சேர்த்து நறுக்கும். செல் அவற்றை மறுபடி உண்டாக்கி வெளியே அனுப்பச் சில மணி நேரமாவது வேண்டும்.

ஆனால் ஏற்பி முழுசாக இருந்தாலும் மிதக்கும் செல் சரியாகப் பதில் சொல்லாது. சரிவில் கொழுந்து பறிப்பவர் முதலில் காலை ஊன்றிக்கொள்வார், பிறகுதான் கை ஓடும். செல்லுக்கு அந்தக் கால் இன்டெக்ரின் என்ற மேற்பரப்புப் புரதம். செல்லுக்கு வெளியே இருக்கும் ஃபைப்ரோனெக்டின் புரதத்தில் உள்ள ஆர்.ஜி.டி என்ற மூன்று அமினோ அமில வரிசையை அது பற்றுகிறது, 1984-ல் கண்டறிந்தார்கள். இன்டெக்ரினுக்கென்று நொதித் திறன் கிடையாது. பல இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் கூடும்போது உட்புறம் ஃபேக் என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) வந்து சேர்ந்து, தன் 397-ஆம் டைரோசினில் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில் சார்க் என்ற இன்னொரு கைனேஸ் வந்து அமர்கிறது. ஈ.ஜி.எஃப் ஏற்பியின் செய்தி எர்க் வரை போய்ச் சேர இந்தத் துணை வேண்டும். மிதக்கும் ஃபைப்ரோபிளாஸ்டில் செய்தி, வழியில் எர்க்குக்கு மேலே இருக்கும் ராஸ் புரதம் வரை வருகிறது, அதற்குக் கீழேதான் தளர்ந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த மங்கல் பட்டை அதுவாக இருக்கலாம்.

குழாயில் பல மணி நேரம் விட்டுவைக்கவும் கூடாது. பற்றுக்கோடு இழந்த செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். 1994-ல் இதற்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் வீடற்ற நிலை என்று பொருள். பல புற்றுச் செல்கள் இந்த விதிக்கு அடங்காமல்தான் உடலெங்கும் பரவுகின்றன.

இனி இப்படிச் செய்யுங்கள். ட்ரிப்சினை வெதுவெதுப்பாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே இருங்கள். செல்கள் உருண்டதும் சீரம் கலந்த மீடியம் ஊற்றி நிறுத்துங்கள். தட்டில் ஒட்டவிட்டு ஓரிரவு விடுங்கள். பிறகு சில மணி நேரம் சீரம் இல்லாமல் வைத்து, தட்டிலேயே ஈ.ஜி.எஃப் விடுங்கள்.

உங்கள் பேராசிரியர் ‘ஒட்டுதலால்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்பார். அதற்கு மிதக்கும் செல், ஃபைப்ரோனெக்டின் பூசிய தட்டு, பாலிலைசின் பூசிய தட்டு மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பாருங்கள். பாலிலைசினில் செல் வெறும் மின்னூட்டத்தால் ஒட்டும், இன்டெக்ரின் பற்றாது. ஃபைப்ரோனெக்டினில் மட்டும் பட்டை அழுத்தமாக வந்தால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். பாஸ்பேட் ஏறியது, ஏறாதது எல்லாம் சேர்ந்த மொத்த எர்க் பட்டையையும் பக்கத்தில் காட்டுங்கள்.

மூன்றிலும் மங்கலாகவே இருந்தால் அப்போது ஈ.ஜி.எஃப்-ஐச் சந்தேகப்படலாம். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கியிருந்தால் அது வீணாகியிருக்கலாம். அடுத்த குப்பியைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வையுங்கள்.