தூசியை விழுங்கிய மேக்ரோஃபேஜ்: கேள்வி பதில்

கேள்வி: காற்று மாசுத் துகளும் சிலிக்காத் தூசியும் ஒரே வழியிலா அழற்சியைக் கிளப்புகின்றன?

போய்ச் சேரும் இடம் ஒன்று, வழி வேறு. மேக்ரோஃபேஜ் (அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) ஐஎல்-1பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெளியே விட இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். முதலாவது டிஎல்ஆர்4 போன்ற ஏற்பி வழியாக என்எஃப்-கப்பா-பி என்ற மரபணு இயக்கியை எழுப்பும்; ஐஎல்-1பீட்டாவின் 31 கிலோடால்டன் முன்வடிவப் புரதம் உருவாகும். இரண்டாவது என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பைக் கூட்டும். அதில் விழித்தெழும் காஸ்பேஸ்-1 நொதி அந்தப் புரதத்தை 17 கிலோடால்டனாக வெட்டும். விழுங்கப்பட்ட சிலிக்காப் படிகம் லைசோசோமை (செல்லின் செரிமானப் பையை) கிழிக்கிறது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அது இரண்டாம் சமிக்ஞை. சுத்தமான சிலிக்கா முதல் வேலையைப் பெரிதாகச் செய்யாது. தெருக்காற்றின் பிஎம் 2.5 துகளோ (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்) பாக்டீரியா எண்டோடாக்சினையும் (பாக்டீரியாச் சுவரின் நச்சு, எல்பிஎஸ்) சுமந்து வருவதால் அதையும் செய்துவிடும். டீசல் புகையிலும் விறகுப் புகையிலும் உள்ள பிஏஎச் சேர்மங்கள் (பல வளைய ஹைட்ரோகார்பன்கள்) செல்லினுள் இருக்கும் ஏஎச்ஆர் ஏற்பியைத் தனியாகத் தூண்டும்.

கேள்வி: செல்லில் பிஎம் 2.5 போட்டால் ஐஎல்-6 (இன்னொரு அழற்சிப் புரதம்) எகிறுகிறது. துகளால்தான் என்று எழுதலாமா சார்?

இப்போதைக்கு வேண்டாம். துகளா, அதில் ஒட்டிய எண்டோடாக்சினா என்று முதலில் பிரியுங்கள். எண்டோடாக்சினை எல்ஏஎல் சோதனையில் அளந்துவிட்டு, அதை முடக்கும் பாலிமிக்சின்-பி மருந்தை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டுங்கள். வெறும் எல்பிஎஸ்ஸுடனும் அதே பாலிமிக்சினைப் போட்டுக் காட்டாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்றே தெரியாது. துகள் சேகரிக்காத காலி ஃபில்டரையும் அதே முறையில் சாறெடுத்துப் போடுங்கள்.

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) எண்டோடாக்சினை நம்பகமாக அழிக்காது. சிலிக்காவை 250 டிகிரியில் 30 நிமிடம் உலர்சூட்டில் வைக்கலாம். பிஎம் துகளுக்கு அது கூடாது. கரிமச் சேர்மங்கள் பறந்துவிடும், பிறகு நீங்கள் சோதிப்பது வேறொரு பொருள்.

கேள்வி: டிஎச்பி-1 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித மோனோசைட் செல் வகை) சிலிக்கா போட்டும் ஐஎல்-1பீட்டா வரவில்லை.

பெரும்பாலும் முதல் சமிக்ஞை இல்லாததுதான் காரணம். செல்லை மேக்ரோஃபேஜ் போல மாற்றும் பிஎம்ஏ 100 நானோமோலாரில் 24 முதல் 48 மணி நேரம். பிறகு பிஎம்ஏ இல்லாத ஊடகத்தில் ஒரு நாள் ஓய்வு. இந்த ஓய்வைத் தவிர்த்தால் கன்ட்ரோலே உயர்ந்து நிற்கும். அடுத்து முதல் சமிக்ஞைக்கு எல்பிஎஸ் 100 நானோகிராம்/மில்லி, 3 முதல் 4 மணி நேரம். பிறகு சிலிக்கா 100 முதல் 200 மைக்ரோகிராம்/மில்லி, 6 மணி நேரம். பக்கத்துக் கிணற்றில் (செல் தட்டின் குழி) ஒப்பீட்டுக்கு நைஜெரிசின், அதாவது பொட்டாசியத்தை வெளியேற்றும் பொருள், 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். நைஜெரிசின் வேலை செய்து சிலிக்கா செய்யாவிட்டால் குறை துகளில்தான்: கட்டி தட்டியிருக்கும், சோனிகேட் செய்து (ஒலியலையால் பிரித்து) உடனே போடுங்கள். என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950 முன்கூட்டிக் கொடுத்தால் ஐஎல்-1பீட்டா அளவு விழ வேண்டும். விழாவிட்டால் அது என்எல்ஆர்பி3 வழியல்ல.

துகள் சைட்டோகைனையே (ஐஎல்-1பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதத்தை) ஒட்டி இழுத்துக்கொள்ளும். அளவு தெரிந்த ஐஎல்-1பீட்டாவைத் துகளுடன் கலந்து, சுழற்றி, எலைசாவில் (புரதத்தை அளக்கும் சோதனை) எவ்வளவு திரும்பி வருகிறது என்று பாருங்கள். போட்ட துகளின் அளவை மைக்ரோகிராம்/சதுர சென்டிமீட்டரிலும் எழுதுங்கள். துகள் அடியில் படிகிறது, கரைவதில்லை.

கேள்வி: புகைக்கரி போட்ட செல்லில் எம்டிடி (நிறத்தை வைத்து உயிருள்ள செல்லை அளக்கும் சோதனை) செய்யலாமா?

கரியின் கறுப்பே ஒளியை உறிஞ்சும். செல் இல்லாத, துகள் மட்டும் உள்ள கிணறுகள் இல்லாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கேள்வி: அப்பா கல் அறுக்கும் பட்டறையில் இருக்கிறார். துணி முகமூடி போதுமா? சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கலாமா?

துணி போதாது. முதலில் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகே என்95. தாடி இருந்தால் ஓரமாகக் கசியும். சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸை சிஆர்பி காட்டாது. 10 மில்லிகிராம்/லிட்டரைத் தாண்டினால் கிருமித்தொற்றைத்தான் முதலில் தேடுவார்கள். தேவை மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (மூச்சுத்திறன் சோதனை). செத்த மேக்ரோஃபேஜ் விட்ட படிகத்தை அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்கும், அதுவும் சாகும்; ஆகவே வேலையை விட்ட பின்னும் நோய் வளரலாம். சிலிக்கா காசநோய் வாய்ப்பையும் கூட்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.