குப்பியில் அடங்காத ஊற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி ஒரு கேம்பெய்ன் (தொடர்கதையாக ஓடும் ஆட்டம்) நடத்துகிறேன். நான்கு பிளேயர்கள், மூன்றாம் லெவல். மலையடிவாரத்தில் ஒரு புனித ஊற்று வைத்தேன். ஒரு மிடறு குடித்தால் ஹீலிங் போஷன் அளவுக்குக் காயம் ஆறும் என்று சொல்லிவிட்டேன். ஊரிலிருந்த குப்பிகளையெல்லாம் வாங்கி முப்பது குப்பி நிரப்பிக்கொண்டார்கள். அதன் பிறகு எந்தச் சண்டையிலும் பயமே இல்லை. பூசாரிகளைக் காவலுக்கு நிறுத்தலாமா? ஊற்று வற்றிவிட்டது என்று சொல்லிவிடலாமா? அந்த இடத்தை இழக்கவும் மனமில்லை.

க.

அன்புள்ள க.,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஹீலிங் போஷன் 2டி4+2, அதாவது இரண்டு நாலுபக்க டைஸ் உருட்டி இரண்டைக் கூட்டுவது; சராசரி 7. முப்பது குப்பிக்கு 210 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). மூன்றாம் லெவலில் ஃபைட்டர், கிளெரிக், ரோக், விஸார்ட் நால்வரின் ஹெச்பியையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. மொத்தப் பார்ட்டியும் இரண்டு தடவை விழுந்து எழும் அளவுக்கு மருந்து பையில் இருக்கிறது. கடைவிலைக்கு 1,500 பொற்காசு. பயம் போகாமல் என்ன செய்யும்?

பூசாரிகளைக் காவல் வைத்தால் அவர்கள் அடுத்த சண்டையின் எதிரிகள் ஆகிவிடுவார்கள். வற்றிவிட்டது என்றால் கொடுத்ததை டிஎம் (ஆட்டத்தை நடத்தும் நீங்கள்) பிடுங்கிக்கொண்டதாகத்தான் தோன்றும். நாளுக்கு மூன்று தடவை என்று வரம்பு கட்டினால் ஊற்றங்கரையிலேயே கூடாரம் அடிப்பார்கள். டைஸ் உருட்டி ஜெயித்தால்தான் பலிக்கும் என்றால், ஜெயிக்கும்வரை உருட்டுவார்கள். இந்த நான்கு வழியும் தண்ணீரைச் சரக்காகவே வைத்திருக்கின்றன. சரக்கின் அளவு மட்டும்தான் மாறுகிறது.

நிஜ ஊற்று ஒன்றைப் பாருங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் சூலிஸ் மினெர்வா தேவியின் ஊற்று இன்றும் ஓடுகிறது. ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸ் சூட்டில், நாளுக்குச் சுமார் 11.7 லட்சம் லிட்டர் தண்ணீர் மேலே வருகிறது. ரோமர்கள் சேற்றில் ஓக் கம்பங்களை அடித்திறக்கி, ஈயத் தகடு வேய்ந்த தொட்டிக்குள் அதை அடக்கினார்கள். அந்தத் தொட்டிக்குள் கிடைத்தவைதான் நமக்கு வேண்டியவை: 12,000க்கும் மேற்பட்ட ரோமக் காசுகள், ஈயமும் தகரமும் கலந்த சுமார் 130 சாபத் தகடுகள். தகடுகளில் பெரும்பாலானவை திருட்டுப் பிராதுகள். கையுறை, மேலங்கி, குளிக்கப் போன இடத்தில் பறிபோன உடை. டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று கேட்கிறார். இன்னொரு தகட்டில், தொலைந்த ஆறு வெள்ளிக்காசுகளைத் தேவிக்கே கொடுத்துவிட்டதாக ஒருவர் எழுதுகிறார். இனி அதை வசூலிப்பது தேவியின் பொறுப்பு. எடுத்தவன் தேவியின் சொத்தைத் திருடியவன் ஆகிறான். எவ்வளவு அருமையான விதி இது! அப்படியே ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊற்றில் இரண்டு விஷயங்களை மாற்றுங்கள். முதலாவது, அது எதைத் தருகிறது என்பது. காயம் லாங் ரெஸ்ட் எனும் நீண்ட ஓய்வில் தானாக ஆறும், அதற்குத் தெய்வம் தேவையில்லை. கிரேட்டர் ரெஸ்டோரேஷன் என்ற மந்திரத்தின் பலனைக் கொடுங்கள்: சாபம் நீங்குவது, கல்லானவர் உயிர்ப்பது, குறைந்துபோன உச்ச ஹெச்பி திரும்புவது. மந்திர வரிசையில் அது ஐந்தாம் லெவல் ஸ்பெல். உங்கள் கிளெரிக் ஒன்பதாம் லெவலுக்குப் போகும்வரை கைக்கு எட்டாது. போட்டால் ஒவ்வொரு தடவையும் 100 பொற்காசு மதிப்புள்ள வைரத்தூள் செலவாகும். பார்ட்டியால் தானே செய்துகொள்ள முடியாததைச் செய்யும்போதுதான் அந்த இடத்தை நோக்கிக் கைகூப்பத் தோன்றும்.

இரண்டாவது, காணிக்கை. பொற்காசை ஏற்கவே ஏற்காதீர்கள். புதையல் கிடைத்ததும் அது விலைப்பட்டியல் ஆகிவிடும். ஹிட் டைஸ் (ஓய்வில் காயம் ஆற்ற உருட்டும் டைஸ்) கேட்டால் சில லாங் ரெஸ்டில் திரும்பிவிடும். நினைவைக் கொடு என்று கேட்பது கேட்க அழகாக இருக்கும், ஆனால் பிளேயருக்கு எல்லாம் நினைவிருக்குமே, மறந்தவராக ஒரு செஷனுக்கு மேல் நடிக்க மாட்டார். மாறாக, அந்தக் கேரக்டரிடமிருந்து திருடு போன ஒன்றின் உரிமையைக் கேளுங்கள். அப்பாவின் வாள், பறிபோன நிலம், எதுவானாலும் சரி. தகட்டில் எழுதிக் கொடுத்த நொடியிலிருந்து அது ஊற்றுடையது. திருடனுக்கு அன்றிரவு முதல் தூக்கம் போகிறது. லாங் ரெஸ்ட் எடுத்தாலும் பலனில்லை. ஆனால் பிளேயரே தேடிப்போய் வாளை மீட்டால், கொண்டுவந்து தண்ணீரில் போட்டாக வேண்டும். வைத்துக்கொண்டால் அதே தண்டனை அவருக்கு. மூன்று செஷனுக்கான கதை இதிலேயே இருக்கிறது. திருட்டே கொடுக்காத கேரக்டருக்கு என்ன செய்வது என்பீர்கள். தன் கேரக்டரிடமிருந்து என்ன திருடு போனது என்று எல்லாப் பிளேயர்களிடமும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், ஊற்றங்கரையில் யோசிக்க வைத்தால் ஆட்டம் நின்றுவிடும்.

கையிலிருக்கும் முப்பது குப்பிகளைப் பற்றி மறைக்காமல் பேசிவிடுங்கள். அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டேன், மாற்றப் போகிறேன் என்று அடுத்த செஷனின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். புதிய விதி இது: குப்பித் தண்ணீரில் ஊற்றின் சூடு இருக்கும்வரைதான் சக்தி. முதல் விடியல்வரை 2டி4+2, இரண்டாவது விடியல்வரை 1டி4, அதன் பிறகு ஆறிய வெறும் தண்ணீர். அந்த இரண்டு நாளில் அவர்கள் துணிந்து பெரிய சண்டைக்குப் போவார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

மேஜையில் தகடு எழுதும் காட்சியை வாயால் மட்டும் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி இரண்டாக மடியுங்கள்; ஒற்றைத் தாள் கிழியும். அடியில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், எழுத்து பள்ளமாக விழும். தூண்டில் ஈயத்தைத் தட்டிப் பயன்படுத்தும் யோசனை வேண்டாம், அது விஷம். எழுதியதை ஒரு தடவை நீங்கள் படித்துக் குறித்துக்கொண்ட பிறகு அவரே சுருட்டி, வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் போடட்டும். வெறுமனே சுருட்டினால் காற்று தங்கி மிதக்கும். உள்ளே ஒரு சின்னக் கூழாங்கல்லை வைத்துச் சுருட்டச் சொல்லுங்கள்.