ஸ்டாம்ப், இங்க், அட்டையை டிசைனா வெட்டுற டை கட் மெஷின் எல்லாம் வச்சு செஞ்ச வாழ்த்து அட்டையை "கையால செஞ்சது"ன்னு சொல்லலாமா?

சொல்லலாம். தாராளமா சொல்லலாம்.

உங்ககிட்டயும் யாரோ ஒருத்தர் "இது மெஷின்ல வெட்டுனது தானே"ன்னு சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தியிருப்பாங்க, அதனாலதான் இந்தக் கேள்வியே வந்திருக்கும்னு நினைக்கிறேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டிருக்கீங்கன்னா மன்னிச்சுக்கோங்க, கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால நடந்தது அப்படியே ஞாபகம் வந்துருச்சு, அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க வீட்ல தீபாவளிக்கு ரெண்டு வகை முறுக்கு போடுவாங்க. கைசுத்து முறுக்குன்னா விரலால முறுக்கி முறுக்கி சுத்தணும், எங்க அம்மாவுக்கு வரும், எனக்கு இன்னைக்கு வரைக்கும் வராது. தேன்குழல்னா உரல்ல மாவை அடைச்சு அச்சு வழியா பிழியுறது. கைசுத்து முறுக்குக்கு உள்ள மதிப்பு தனிதான், நான் இல்லைன்னு சொல்லவே இல்ல. ஆனா உரல்ல பிழிஞ்சதால தேன்குழலை யாராவது "இது ஃபாக்டரில செஞ்சது, வீட்டுப் பலகாரம் இல்ல"ன்னு சொல்வாங்களா? மாவு பதம் பார்த்தது யாரு, எண்ணெய் காய்ஞ்சிருக்கான்னு பார்த்தது யாரு? பேனாவால முழுக்க வரைஞ்ச கார்டு கைசுத்து முறுக்கு, ஸ்டாம்பும் டையும் (அட்டையை வெட்டுற கூரான அச்சு) வச்சு செஞ்ச கார்டு தேன்குழல். என் பதில் அவ்வளவுதான், மத்ததெல்லாம் என் கதை.

நான் தூத்துக்குடி. எங்க தாத்தா பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால கடைத்தெருவுல கயித்துல தொங்கவிட்டிருப்பாங்களே, அந்தப் பொங்கல் வாழ்த்து அட்டையெல்லாம் கட்டா வாங்கிட்டு வந்து உட்கார்ந்து எழுதுவாங்க. காளை, கரும்பு, பானை, சாமி படம், நடிகருங்க படம், எல்லாம் சிவகாசில அச்சாகி வந்தது. தாத்தா தவறி பல வருஷம் கழிச்சு ட்ரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது விலாசம் எழுதாத கார்டு ஒண்ணு கிடைச்சது. முன்னாடி ஜோடி மாடு, உள்ள நீல மையில "இனிய பொங்கல் நல்வாழ்த்துக்கள்"னு அவங்க கையெழுத்து. யாராவது விட்டுப்போயிருந்தா அனுப்பலாம்னு எழுதி வச்சிருப்பாங்க போல. நான் அப்போ ஏற்கனவே பர்த்டே கார்டு எல்லாம் செஞ்சுட்டு இருந்தேன், கடையில கிடைக்கிற க்ளியர் ஸ்டாம்ப்ல (கண்ணாடி மாதிரி தெரியுற ஸ்டாம்ப்) வாசகம் எல்லாம் ஹேப்பி பர்த்டே, தேங்க் யூ, இப்படியேதான் இருக்கும், நான் தேடுன இடத்துல தமிழ்ல ஒண்ணுகூட இல்ல. அப்பதான் தோணுச்சு, தாத்தா எழுத்தையே ஸ்டாம்பா பண்ணிட்டா என்னன்னு.

ஆபீஸ் சீல் எல்லாம் செய்யுற அண்ணாச்சி கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அண்ணாச்சி பார்த்துட்டு "கோடு ரொம்ப மெல்லிசா இருக்கும்மா, புள்ளியெல்லாம் கொட்டிரும்"னாங்க. பரவால்ல போட்டுக் குடுங்கன்னு நான்தான் அவசரப்பட்டேன். அவங்க சொன்ன மாதிரியே முதல் ஸ்டாம்ப்ல ழ் மேல இருந்த புள்ளி ரெண்டாவது தடவை அழுத்தும்போதே உதிர்ந்து போச்சு. தமிழ்ல இது ஒரு பெரிய விஷயம், தமிழ் எழுத்துல ஸ்டாம்ப் செய்ய நினைக்கிறவங்க இதைக் கவனிங்க, இந்த ஒரு வாசகத்துலயே ஏழு புள்ளி வரும், அது ஒவ்வொண்ணும் தனியா நிக்குற குட்டி ரப்பர், அடியில அகலமா இல்லைன்னா நிக்காது. அப்புறம் கம்ப்யூட்டர்ல கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கி, புள்ளியைப் பெருசாக்கி, மூணு இஞ்ச் அகலத்துக்கு மறுபடி செஞ்சு குடுத்தாங்க. கைப்பிடி வேண்டாம், வெறும் ரப்பர் ஷீட்டா குடுங்கன்னு கேட்டு வாங்கி, டபுள் சைடு டேப் போட்டு அக்ரிலிக் கட்டைல ஒட்டிக்கிட்டேன். கண்ணாடி மாதிரி தெரியுற கட்டைன்னா எங்க விழுதுன்னு பார்த்து வைக்கலாம். ரப்பர் ஸ்டாம்ப்புக்கு பேப்பருக்கு அடியில ஒரு பழைய மவுஸ் பேடு போட்டுக்கோங்க, ஓரமெல்லாம் சரியா விழும்.

இங்க் பத்தியும் சொல்லிடுறேன், நிறைய பேர் இதுலதான் காசை விடுறாங்க. தமிழ்ல எழுதுனா வெட்டுற டையும் (die) டைதான், சாய இங்க்கும் (dye) டைதான், குழப்பிக்காதீங்க. டை இங்க் சீக்கிரம் காயும், பேப்பருக்குள்ள இறங்கிடும், ஆனா பல டை இங்க் தண்ணி பட்டா கலங்கும். நான் ஆரம்பத்துல டை இங்க்ல பூ அவுட்லைன் அடிச்சு, மேல வாட்டர்கலர் பூசி, பன்னெண்டு கார்டு அப்படியே கறுப்பா இழுகி வீணாப் போச்சு. வாட்டர்கலர் பூசணும்னா தண்ணிக்கு அசையாத இங்க் வேணும். ஆல்கஹால் கலந்த மார்க்கர் பேனாவால கலர் குடுக்கணும்னா அதுக்கு நேரெதிர் பிரச்சினை, சால்வென்ட் (கரைப்பான் கலந்த) இங்க்ல அடிச்ச கோட்டை மார்க்கர் இழுத்துட்டு வந்துரும், அதுக்கு மெமென்டோ மாதிரி டை இங்க்தான் நிக்கும். பிக்மென்ட் இங்க் பேப்பர் மேலயே நிக்கும், லேட்டாத்தான் காயும், கடலோர ஊர்ல இன்னும் லேட்டாகும், ஆனா சூட்டுல உருகி எழுத்தை மேடாக்குற எம்பாஸிங் பவுடர் பிடிக்க அந்த ஈரம்தான் நமக்கு வேணும்.

எம்பாஸிங் எனக்கு உயிர். மெல்லிசுத் துணில முடிஞ்ச டால்கம் பவுடரால அட்டையை லேசா ஒத்தி எடுப்பேன், இல்லைன்னா கை எண்ணெய் பட்ட இடமெல்லாம் பவுடர் ஒட்டிக்கும். ஃபேனை நிறுத்தணும். ஸ்டாம்பை அழுத்தி எடுத்ததும் ஈரத்துமேல தங்கக் கலர் பவுடரைக் கொட்டி, அட்டையைச் சாய்ச்சு பின்னால ஒரு தட்டு தட்டுனா எழுத்துல மட்டும் மணல் மாதிரி நிக்கும். அப்புறம் ஹீட் கன். ஹேர் ட்ரையர் ஆகாது, அதுல காத்து ஜாஸ்தி, சூடு கம்மி, பவுடர் உருகுறதுக்கு முன்னாடி பறந்துரும். சூடு பட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் நடக்காது, திடீர்னு "இ"ல ஒரு பளபளப்பு வரும், அது அப்படியே எழுத்து எழுத்தா ஓடி "ள்" வரைக்கும் போகும். எத்தனை தடவை செஞ்சாலும் அந்த இடத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பார்ப்பேன்.

டை கட் மெஷின் மெஷின்னு சொல்றாங்களே, என்கிட்ட இருக்கதுக்கு கரண்ட் கிடையாது. கரும்பு ஜூஸ் வண்டில பார்த்திருப்பீங்க, ரெண்டு உருளை, ஒரு கைப்பிடி, அதேதான், ஆனா மேஜைல வைக்குற சைஸ். அடித் தட்டு, மேல வெட்டுற ப்ளாஸ்டிக் தட்டு, அதுமேல அட்டை, அட்டைமேல டையோட கூர் பக்கம் கீழ பார்க்குற மாதிரி, மேல இன்னொரு தட்டு, இதை உள்ள விட்டுக் கையால சுத்தணும். நொறுநொறுன்னு சத்தம் வரும், புதுசா கேட்டா உடைஞ்சுருச்சோன்னு பயமா இருக்கும், அது சாதாரணம்தான். தட்டு ஒரு பக்கமா வளையும், அதனால திருப்பித் திருப்பிப் போடணும். கரும்புத் தோகை மாதிரி மெல்லிசு டிசைன் ஒரே சுத்துல வெட்டாது, ஒரு ஏ4 பேப்பரை அடியில குடுத்து ரெண்டு தடவை விடணும், டைக்கும் அட்டைக்கும் நடுவுல மெழுகுத் தாள் வச்சாத்தான் கிழியாம வெளிய வரும், அதுக்கப்புறமும் ஊசியால துணுக்கு துணுக்கா தள்ளி எடுக்கணும். ஒரு கரும்புக்கு எனக்குப் பத்து நிமிஷம். கம்ப்யூட்டர்ல டிசைன் குடுத்தா தானா வெட்டுற மெஷின் வேற இருக்கு, அது என்கிட்ட இல்ல, அதுலயும் வேலை இருக்குன்னு செய்யுறவங்க சொல்றாங்க, அதை நான் குறையா பேசல.

இப்ப நடந்ததுக்கு வரேன். அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால ஒரு கைவினைக் கண்காட்சி, ஊரு பேரு அமைப்பு பேரெல்லாம் வேண்டாம். டேபிளுக்குப் பணம் கட்டி நாப்பது கார்டு எடுத்துட்டுப் போனேன். மண் கலர்ல பானை, ரெண்டு பக்கமும் கரும்பு, கீழ தாத்தா எழுத்து தங்கத்துல. ஏற்பாடு பண்ணவங்கள்ல ஒரு அம்மா வந்து ஒரு கார்டை எடுத்து, கரும்பு ஓரத்தை நகத்தால தடவிப் பார்த்துட்டு, "கையால வெட்டுனா இவ்ளோ நைஸா வராது, இது மெஷின், எழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பு, விதிமுறைல கையால் செய்தவை மட்டும்னு போட்டிருக்கோம்ல"னு சொல்லி டேபிள்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. எல்லார் முன்னாடியும். பக்கத்து டேபிள்ல ரெடிமேடா வாங்குன மணியைக் கோர்த்த மாலை எல்லாம் இருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் சொல்லல. பக்கத்து டேபிள் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல, அவளும் ராத்திரி கண்ணு முழிச்சுத்தான் கோர்த்திருப்பா. ஆனா ஒரே நியாயம் எல்லாருக்கும் வேணும்ல? நான் வாயைத் திறந்தா அழுகை வந்துரும்னு ஒண்ணும் பேசாம ஸ்வீட் பாக்ஸ்ல அடுக்கி எடுத்துட்டு வந்துட்டேன்.

"அந்தக் காலத்துல எல்லாம் கையாலயே வரைஞ்சாங்க"ன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. 1843ல லண்டன்ல ஹென்றி கோல்ங்கிறவர் செய்ய வச்ச கிறிஸ்துமஸ் கார்டைத்தான் விலைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டுன்னு சொல்றாங்க. அதுவே கோட்டை அச்சுல அடிச்சு, மேல கையால வண்ணம் பூசுனதுதான். ஸ்டாம்ப் அடிச்சு கலர் குடுக்குற நாம செய்யுறதும் அதே வேலைதான்.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்ல, ஆனாலும் சொல்லணும். இந்தக் கார்டு போட்டோவை நான் போட்டப்ப வந்த பதில்ல பாதிக்கு மேல "வாழ்த்துகள்னு தான் வரும், க் வராது, தமிழைக் கொல்லாதீங்க"ன்னுதான். தெரியும்ங்க. நான் எழுதுனா வாழ்த்துகள்னுதான் எழுதுவேன். ஆனா அது எங்க தாத்தா எழுதுனது, அவங்க எழுதுன க்கன்னாவைச் சுரண்டி எடுக்க எனக்கு மனசு வரல, அண்ணாச்சியும் கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். கீழ தாத்தா கையெழுத்துன்னு தெளிவா எழுதியும், அதைப் படிக்காம இலக்கணம் சொல்ல வந்தவங்கதான் அதிகம். கரும்பு எப்படி வெட்டுனீங்கன்னு கேட்டவங்க ரெண்டே பேர்.

கண்காட்சில இருந்து வந்த அன்னைக்கு சாயங்காலம் ஆச்சி வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க. பாக்ஸைத் திறந்து ஒரு கார்டைக் கையில குடுத்தேன், என்ன ஏதுன்னு சொல்லல. ஆச்சிக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியாது. பானையைப் பார்த்தாங்க, கரும்பைப் பார்த்தாங்க, அப்புறம் கட்டைவிரலை எழுத்து மேல வச்சு மெதுவா இழுத்துட்டே போனாங்க, எம்பாஸ் பண்ணது மேடா இருக்கும்ல, ழ கிட்ட வந்ததும் விரல் நின்னுருச்சு. "ழானாவுக்கு வாலை இப்படித்தான் இழுத்து விடுவாவ"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் எழுதுவாவ, எனக்கு ஒண்ணு எழுதுனது கிடையாது. ஒரே வீட்ல இருக்கவளுக்கு எதுக்கு கார்டும்பாவ"ன்னாங்க. அந்தக் கார்டைத் திருப்பித் தரல, தலைமாட்டுல வச்சுக்கிட்டாங்க.

மறுநாள் காலைல என்னைக் கூப்பிட்டு, கோவில்பட்டில இருக்க அவங்க தங்கச்சிக்கு ஒண்ணு அனுப்பணும், நான் சொல்லச் சொல்ல உள்ள எழுதுன்னாங்க. எழுதி, கவர்ல போட்டு, சமையல் தராசுல வச்சேன், 23 கிராம். அப்போ சாதா தபால்ல 20 கிராம் வரைக்கும்தான் அஞ்சு ரூபா. எடை குறைய, பானை மேடாத் தெரிய அடியில ஒட்டியிருக்க ஃபோம் டேப்பை எடுத்துப் பார்க்கலாமான்னு கேட்டேன், ஆச்சி வேண்டாம்னுட்டாங்க. அஞ்சு ரூபா தபால் தலை ரெண்டு ஒட்டி அனுப்பினேன்.